ஒல் பெஜெட்டாவிற் கண்ட தாயும் மகளும்

வனவிலங்குகளைக் கூண்டிலன்றி அவற்றின் சொந்த மண்ணிலேயே காணவேண்டுமென்பது எம் பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் அவ்வாசை நிறைவேறிற்று. கென்ய நாட்டின் தலைநகராகிய நைரோபியிலிருந்து வைகறையிற் புறப்பட்ட நாம், ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வடக்கே சென்று நன்யுக்கி என்னும் பட்டினத்தை அடைந்தோம். பூமத்திய ரேகை செல்லும் இடமாயினும், கம்பளிச் சட்டையின்றி அங்கு நிற்க முடியவில்லை! 5,199 மீற்றர் உயர்ந்த கென்ய மலை முகிலுக்குள் மறைந்து நின்றது.

லைக்கிப்பியா மேட்டுநிலத்தில் 90,000 ஏக்கர் விரிந்து கிடக்கும் புல்வெளியே ஒல் பெஜெட்டா சரணாலயம். முன்னர் மாட்டுப் பண்ணையாக இருந்த அந்நிலத்தில் இன்றும் மாடுகளும் வரிக்குதிரைகளும் மேய்கின்றன. ஒட்டகச்சிவிங்கிகள் முள்மரக் கொழுந்தைக் கறித்தன. யானைக் கூட்டமொன்று வழிமறிக்கவே, கால்மணி நேரம் வண்டியிற் காத்திருந்தோம். சிங்கத்தைக் காணவில்லையே என்று மகன் மட்டும் குறைப்பட்டுக்கொண்டான்.

பிற்பகலில் காவலரொருவர் எம்மை வேலியிட்ட நிலப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். இரண்டு வெண் காண்டாமிருகங்கள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன. 1989 இற் பிறந்த நஜின் தாய். 2000 இற் பிறந்த ஃபாத்து மகள். வடபுல வெண் காண்டாமிருக இனத்தில் உலகில் எஞ்சியவை இவ்விரண்டே. 2009 இற் செக் நாட்டிலிருந்து கொணரப்பட்டவை நான்கு. அவற்றுட் சுனி என்னும் ஆண் 2014 இலும், நஜினின் தந்தையாகிய சூடான் 2018 மார்ச் 19 இலும் மாண்டன. கொம்புக்காக வேட்டையாடியே மனிதர் இவ்வினத்தை இந்நிலைக்குக் கொணர்ந்தனர். எமது நகம் எப்பொருளால் ஆனதோ, அப்பொருளால் ஆனதே அக்கொம்பும்!

"இனிக் குட்டி பிறக்காதா, அப்பா?" என்றாள் மகள்.

இரண்டாலும் கருச்சுமக்க இயலாதென்றும், ஃபாத்துவின் முட்டைகளோடு உறையவைத்த ஆண் உயிரணுக்களைச் சேர்த்து 2019 முதல் இத்தாலியிற் கருக்களை உருவாக்கிச் சேமிக்கிறார்களென்றும், அவற்றைத் தென்புல இனத் தாயொன்றின் வயிற்றில் வளர்க்க முயல்கிறார்களென்றும் காவலர் விளக்கினார். அத்தென்புல இனமும் ஒருகாலத்தில் நூற்றுக்குக் குறைந்திருந்ததே. காத்தமையால் இன்று 15,000 இற்கு மேற்பட்டுள்ளது.

இலங்கையிலும் காண்டாமிருகம் வாழ்ந்தமைக்கு இரத்தினபுரி மண்ணிற் கிடைத்த எலும்புப் படிவங்கள் சான்று. இதனை இருபது ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லி வருகின்றோம். "அழிந்தொழிந்தது" என்று கரும்பலகையில் எழுதுகையில் எமது கை ஒருநாளும் கூசியதில்லை. அன்றோ, ஃபாத்து வேலியருகே வந்து, அகன்ற வாயாற் புல்லைப் பறித்து மெல்லும் ஓசையைக் கேட்டு நின்றோம். திரும்பும் வழியில் மகன் சிங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த தவணையில் அப்பாடம் வந்தது. அச்சொல்லை எழுதுமுன் வெண்கட்டி எம் கையிற் சற்றே நின்றது. மாணவர் காரணம் வினவினர். இக்கதையைச் சொன்னோம்.