டம்ஃப்ரீஸ் மாளிகையின் கல்தச்சர்கள்

ஸ்காட்லாந்தின் கிழக்கு ஏர்ஷயரில், கம்னக் ஊரை அடுத்திருக்கும் டம்ஃப்ரீஸ் மாளிகைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிப்பண்டேல் செய்த மரச்சாமான்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது அந்த வளாகத்தில் கல்வேலை பழகுகிறவர்களைப் பார்க்க.

பட்டறையில் ஓர் இளம்பெண் மணற்கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டாப்புளி உளியின் தலையில் ஒரே சீராக விழுந்தது. அகல உளி நகர நகர, கல்லின் முகத்தில் நெருக்கமான இணைகோடுகள் எழும்பின. பக்கத்தில் நின்ற ஆசிரியர் கல்லை ஈரத்துணியால் துடைத்துப் படிவக் கோடுகளைக் காட்டினார். பூமிக்குள் படுத்திருந்த வாக்கிலேயே கல் சுவரிலும் படுக்க வேண்டுமாம். நிமிர்த்தி வைத்தால் முகம் ஏடு ஏடாக உரிந்துவிடும். இணைப்புக்குச் சுண்ணாம்புக் காரைதான். மணற்கல் குடிக்கும் மழைநீர் காரை வழியாக ஆறி வெளியேறும். சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, பனியில் உறைந்து, கல்லைப் பொரியவைக்கும். இப்படிப் பாழான பழைய சுவர்கள் அந்த நாட்டில் ஏராளம்.

மாளிகையைச் சுற்றிப் பார்த்தபோது அந்தப் பாடம் கண்ணில் நின்றது. ஐந்தாம் டம்ஃப்ரீஸ் பிரபுவுக்காக ஆடம் சகோதரர்கள் 1754 முதல் 1759 வரை கட்டிய வீடு இது. நடுவே பிரதானக் கட்டடம், இருபுறமும் அளவு பிசகாத துணைக்கட்டடங்கள். மனைவியை இழந்து, வாரிசும் இல்லாதிருந்த பிரபு, மறுமணத்தை மனதில் வைத்தே 1759இல் சிப்பண்டேலிடம் சாமான்கள் வாங்கினார். மணமும் நடந்தது, ஆனால் 1768இல் பிள்ளையில்லாமலே இறந்தார். பிறகு வீடு திருமண உறவின் வழியே பியூட் பிரபுக்களிடம் போனது. அவர்களுக்கு வேறு பெரிய வீடுகள் இருந்ததால் இங்கே அதிகம் தங்கவில்லை. ஆள் புழக்கம் குறைந்ததால்தான் உள்ளே இருந்தவை மாறாமல் தப்பின என்பேன். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ராபர்ட் வியர் ஷூல்ட்ஸ் சேர்த்த பகுதிகள், முகப்பின் அமைதியைக் கெடுக்காமல் பின்னே ஒதுங்கி நிற்கின்றன. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

2007இல் வீடும் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன. சாமான்கள் லாரியில் லண்டனுக்குக் கிளம்பிவிட்ட நிலையில், அன்றைய இளவரசர் சார்லஸ் முன்னின்று 4.5 கோடி பவுண்டுக்கு மொத்தத்தையும் வாங்கவைத்தார். அதில் 2 கோடி கடன். இவ்வளவு பணமா என்று கேட்டவர்கள் உண்டு. நாற்காலிகளோடு நின்றிருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் இது நிலக்கரி வட்டாரம். பக்கத்து ஆக்கின்லெக்கின் பாரனி சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. வேலையற்றுப்போன அந்த மண்ணில் இன்று கல்லும் மரமும் கற்றுத்தருகிறார்கள். கல் செதுக்கிய பெண்ணின் தாத்தா சுரங்கத் தொழிலாளி. பயிற்சி முடிந்ததும் பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்கப் போகப்போகிறாளாம். காரை வேலை தெரிந்த ஆட்களுக்கு இப்போது அங்கே நல்ல கிராக்கி.