இடித்த கையே கட்டட்டும்

லண்டனின் கில்பர்ன் பகுதியில் நிற்கும் கார்ல்டன் டேவர்ன் என்ற பப், பார்வைக்கு நூறாண்டுப் பழையது. ஆனால் இன்றுள்ள கட்டடம் திறக்கப்பட்டது 2021 ஏப்ரலில்தான். அதே இடத்தில் முன்பு நின்றதை, சாரிங்டன் என்ற பீர் ஆலைக்காக 1920-21இல் ஃபிராங்க் பாட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அதற்கும் முன்னிருந்த பப் 1918இல், முதல் உலகப் போரின் விமானத் தாக்குதலில் அழிந்துபோனது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்தபோது அந்தத் தெருவில் தப்பியது பாட்டரின் கட்டடம் ஒன்றுதான் என்பார்கள். போரில் தப்பிய கட்டடம் 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, சொந்தக்காரரான நிறுவனத்தின் இயந்திரத்தால் தரைமட்டமானது. அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட அந்த நிறுவனம் கேட்ட அனுமதி முன்பே மறுக்கப்பட்டிருந்தது. பப்பைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் பரிந்துரைக்கு இரண்டே நாள் இருந்தது. சரக்குக் கணக்கெடுப்பு என்று காரணம் சொல்லி ஊழியர்களை வெளியேற்றிவிட்டு இடித்தார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பிறப்பித்த உத்தரவு அரிது: இருந்தது இருந்தபடி, செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட வேண்டும். நிறுவனம் மேல்முறையீடு செய்தும் 2016இல் உத்தரவு உறுதியானது. இது கடுமை என்று சொல்பவர்கள் உண்டு. சொத்து அவருடையது, தவறு செய்தார், அபராதம் போட்டால் போதாதா என்கிறார்கள். போதாது என்றே நினைக்கிறேன். லண்டனில் ஒரு மனைமேல் பல வீடுகள் எழுப்பி விற்றால் கிடைக்கும் பணத்தின் முன் அபராதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கட்டுமானச் செலவுக் கணக்கில் இன்னொரு வரியாகவே சேரும். சட்டத்தை மீறுவதற்கான விலையைச் சட்டமே நிர்ணயித்துக் கொடுத்ததுபோல ஆகிவிடும். திரும்பக் கட்டு என்ற உத்தரவோ, இடித்ததால் கிடைக்கவிருந்த லாபத்தையே இல்லாமல் செய்கிறது. சொத்துரிமையை அது பறிக்கவில்லை. மனை சொந்தக்காரரிடமே விடப்பட்டது. நகரத்தில் இடம் வாங்குகிறவர் அதன் மேலுள்ள விதிகளையும் சேர்த்தே வாங்குகிறார். அடுக்குமாடிக்கு அனுமதி இல்லை என்று தெரிந்த பிறகே இந்த நிறுவனம் இடித்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. புதிதாகக் கட்டிய பழமை வெறும் போலி அல்லவா? பழைய மரத்தில் பல தலைமுறைக் கைகள் பட்டு ஏறிய மெருகு திரும்பி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கட்டடத்தின் வரலாறே அந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. 1921இல் எழுந்ததும் அழிந்ததற்கு மாற்றாக வந்ததுதான். அதை யாரும் போலி என்று ஒதுக்கவில்லை. சுவர்கள் இருமுறை மாறின, அந்த மூலையில் அக்கம்பக்கத்தார் கூடும் வழக்கம் மாறவில்லை. நான் காக்க வேண்டும் என்று சொல்வது முதலில் அந்த வழக்கத்தை, பிறகு அதற்கு உருவம் கொடுத்த சுவர்களை. சவுத் லண்டனின் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப் கைமாறவிருந்தபோது அக்கம்பக்கத்தார் அதைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்து, 2013இல் தாங்களே வாங்கினார்கள். பழமையின் அழகு மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

குடிக்கும் இடத்துக்காக இத்தனை போராட்டமா என்று நம் வாசகர்கள் கேட்கலாம். குடியால் கெட்ட குடும்பங்களைக் கண்டவர்களின் நியாயமான கேள்வி அது. ஆனால் கார்ல்டன் டேவர்னில் மதிய உணவுக்கும் தேநீருக்கும் தனி அறை இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் குடும்பங்களும் வந்துபோகும் இடமாகப் பப்பை மாற்ற முயன்ற காலத்தின் கட்டடம் அது. குடியைக் குறைக்க வேண்டுமானால் அதற்கான சட்டங்கள் வேறு. பப்பை இடித்து வீடுகளாக விற்பதால் குடிப்பவர் எவரும் குறையப் போவதில்லை, அவர் நாலு பேரோடு உட்காரும் இடம்தான் குறையும்.

இந்த உத்தரவு நடைமுறையில் சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. இடிபடுமோ என்று சந்தேகப்பட்ட அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே பாரம்பரியத் துறையை அணுகியதால், கட்டடம் நுணுக்கமாகப் பதிவாகியிருந்தது. ஓடுகளுக்கு அச்சுகூட எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால், பழையது எப்படி இருந்தது என்ற சச்சரவிலேயே வழக்கு கரைந்திருக்கும். இத்தகைய உத்தரவு இது ஒன்று மட்டுமல்ல. ஸ்டாஃபோர்ட்ஷயரில், 1765இல் பண்ணை வீடாக எழுந்து சுரங்கத்தால் மண் தாழ்ந்து சாய்ந்து நின்ற க்ரூக்ட் ஹவுஸ் என்ற பப், 2023 ஆகஸ்டில் தீப்பற்றி, இரண்டே நாளில் இடிக்கப்பட்டது. அதையும் பழையபடி கட்டும்படி அந்த ஊர் கவுன்சில் 2024இல் உத்தரவிட்டது. ஆகவே உங்கள் தெருவில் காக்க வேண்டிய கட்டடம் ஒன்று இருந்தால், அது நிற்கும்போதே அளந்து, படமெடுத்து, உரிய அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.