பேரல் தகட்டு வண்டி

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது நம் முன்னோர் மொழி. பள்ளியில் படித்த நாளில் இதற்குப் பலமுறை பொருள் எழுதியிருக்கிறேன். ஆயினும், அதன் உண்மையை எனக்கு உணர்த்தியவை ஒரு புயலும், என் மாமாவின் பட்டறையும், நானே செய்த ஒரு வண்டியுமே ஆகும்.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலத்தை அடுத்துள்ளது. தென்னையும் பலாவும் வாழையும் நிறைந்த பகுதி அது. பொழுது விடிந்தபோது, பாட்டனார் காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வீட்டுக் கூரைகளின் தகரங்கள் சுருண்டு வயல்களில் சிதறிக் கிடந்தன. அப்போது நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

என் மாமா பற்றவைப்புப் பட்டறை வைத்திருந்தார். பட்டறையின் பின்புறத்தில் பழைய ஜீப் ஒன்று பல ஆண்டுகளாக நின்றது. அதன் மேற்கூடு துருவேறி உதிர்ந்துவிட்டது. அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் நன்றாக இருந்தன. அதைக் காணும்போதெல்லாம் நூலகத்தில் நான் பார்த்த படங்கள் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவின் தென்பகுதி இளைஞர்கள், 1930ஆம் ஆண்டுகளில் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, வேண்டாத பகுதிகளைக் கழற்றி எறிந்து, விரைவாக ஓடும் வண்டிகளாக மாற்றினார்கள். அவற்றிற்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். நீர் வற்றிக் காய்ந்த ஏரிப் படுகைகளே அவர்களுடைய பந்தயத் திடல்கள். அவர்களுள் பில் பர்க் என்பவர் 1946ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தார். போர் விமானங்களின் வயிற்றில் தொங்கும் எண்ணெய்த் தொட்டி, போர் முடிந்தபின் பழைய பொருளாக விலைக்கு வந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் அதன் வடிவத்தைக் கண்ட அவர், அத்தொட்டியையே பந்தய வண்டியின் உடலாக ஆக்கிவிட்டார்!

இதனை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “விமானத் தொட்டிக்கு நாம் எங்கே போவது, மாப்பிள்ளை? காயலான் கடையில் எண்ணெய்ப் பேரல் கிடைக்கும். தோப்பில் பலாமரம் விழுந்து கிடக்கிறது. தேங்காய் ஏற்ற நமக்கும் ஒரு வண்டி வேண்டும். உன்னால் முடிந்தால் செய்து பார்” என்றார்.

முதலில் அட்டைப் பெட்டிகளை வெட்டி, வண்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் அளவு எடுத்தோம். அட்டையைத் தவறாக வெட்டினால் நட்டமில்லை. தகட்டைத் தவறாக வெட்டினால் நட்டம் உண்டு அல்லவா? பிறகு பலாப்பலகையை உலர்த்தி, அறுத்து, மரச்சட்டம் கட்டினோம். மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்துவது புதிய வழக்கமன்று. ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘டி’ வகைக் கார்களின் கூடும் அவ்வாறு கட்டப்பட்டதே.

அடுத்தது தகடு. 200 லிட்டர் பேரலின் இரு மூடிகளையும் நீக்கி, உடலைப் பிளந்து விரித்தால், ஏறத்தாழ 6 அடி நீளமும் 3 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள நல்ல இரும்புத் தகடு கிடைக்கும். இத்தகைய பேரல்கள் நான்கு வாங்கினோம். நான் உடனே எரிவாயுத் தீயால் வெட்டப் போனேன். மாமா என் கையைப் பிடித்துத் தடுத்தார். “நிறைந்த பேரலைவிட வெறும் பேரல்தான் பொல்லாதது. உள்ளே தங்கிய எண்ணெய் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். தீப்பொறி பட்டால் வெடித்துவிடும்” என்றார். ஆகவே பேரல்களைச் சோப்பு நீரால் பலமுறை கழுவி, வாய்வரை நீர் நிரப்பி ஒரு நாள் வைத்திருந்து, பின்னர் நீரை வடித்து, உளியும் சுத்தியும் கொண்டே பிளந்தோம்.

கூரைத் தகரங்களை உட்புறத் தளத்திற்குப் பயன்படுத்தினோம். அவற்றின்மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. பற்றவைத்தால் எழும் வெண்புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும். எனவே அவற்றை ரிவிட் அடித்தே பொருத்தினோம். வளைவான பகுதிகளுக்கு மணல் நிரப்பிய சாக்கின்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் தட்டினோம். பேரல் தகடுகளை இணைக்கும்போது ஒரே கோடாகப் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்தோம். ஒரே இடத்தில் வெப்பம் சேர்ந்தால் தகடு கோணிவிடும்.

ஐந்து திங்களில் கூடு முடிந்தது. செலவு 7,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. சிவப்பு வண்ணம் பூசியபின், கண்டவர் எல்லாரும் வியந்தனர். என் நெஞ்சில் பெருமிதம் பொங்கிற்று. அப்பெருமிதமே என்னைத் தவறு செய்யத் தூண்டியது.

பிரேக் எண்ணெய் செல்லும் இரப்பர்க் குழாய்கள் பழையனவாக இருந்தன. புதியன வாங்கிவர மாமா 900 ரூபாய் கொடுத்துப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார். வழியில் ஒரு கடையில் பளபளக்கும் வட்ட விளக்குகள் இரண்டைக் கண்டேன். வண்டியின் முகத்திற்கு அவை எவ்வளவு அழகாக இருக்கும்! பணத்தை அவற்றிற்குக் கொடுத்துவிட்டேன். பழைய குழாய்களையே துடைத்து, மெருகேற்றி மீண்டும் பொருத்தினேன். மாமா கேட்டபோது, “மாற்றிவிட்டேன்” என்றேன்.

2019ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் ஊர்க் கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அமெரிக்க இளைஞர்களுக்குக் காய்ந்த ஏரி. எங்களுக்குக் காய்ந்த கண்மாய். மாமாவின் ஏழு வயது மகள் முதல் ஆளாக ஏறி அமர்ந்தாள். அவளை ஏற்றிச் செல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மாமா, “முதல் ஓட்டம் சோதனை ஓட்டம். இறங்கு, அம்மா” என்று கூறி, தாம் என் அருகில் அமர்ந்தார்.

வண்டி ஓடியது. கரையை நெருங்கியதும் பிரேக்கை மிதித்தேன். ஏதோ வெடித்த ஒலி கேட்டது. என் கால் தரைவரை சென்றது, வண்டி நிற்கவில்லை! பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் வெடித்தால் எல்லாப் பிரேக்கும் போய்விடும். மாமா கைப்பிரேக்கை வலிந்து இழுத்தார். வண்டி வேகம் தணிந்து, சீமைக்கருவேலம் புதரில் மோதி நின்றது. புதிய விளக்கு ஒன்று நசுங்கிற்று. எங்களுக்குக் காயமில்லை. கரையில் நின்ற சிறுமியைப் பார்த்தேன். என் உடல் நடுங்கிற்று.

அங்கேயே உண்மையைச் சொன்னேன். மாமா சினந்து பேசவில்லை. வெடித்த குழாயைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “தகட்டில் ஓட்டை இருந்தால் மழை நனைக்கும். பிரேக்கில் ஓட்டை இருந்தால் உயிர் போகும். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்தவனே சிக்கனக்காரன், மாப்பிள்ளை” என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மகாராட்டிர மாநிலத்துச் சாங்கலி மாவட்டத்தைச் சேர்ந்த தத்தாத்ரேய லோகார் என்னும் கொல்லர் செய்த வண்டியைப் பற்றிப் படித்தேன். மகனின் ஆசைக்காக, பழைய பொருள்களைக்கொண்டு ஏறத்தாழ 60,000 ரூபாயில் ஒரு சிறு வண்டியை அவர் உருவாக்கியிருந்தார். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2021இல் அவர் திறமையைப் பாராட்டினார். அதேபோது, விதிகளுக்குப் பொருந்தாத அவ்வண்டி சாலையில் தடுக்கப்படும் என்பதையும் சுட்டி, அதற்கு ஈடாகப் புதிய பொலிரோ வண்டி ஒன்றை அளிக்க முன்வந்தார். 2022 ஜனவரியில் லோகார் அதனைப் பெற்றார். திறமையைப் போற்றுவதும் பாதுகாப்பைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

எங்கள் வண்டியும் சாலைக்கு வருவதில்லை. வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றிச் சாலையில் ஓட்ட 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம் தரவில்லை. புதிய குழாய்கள் பூட்டிய அது, இன்றும் தோப்புக்குள்ளே தேங்காய் சுமக்கிறது. வண்ணம் மங்கிவிட்டது. நசுங்கிய விளக்கை மட்டும் நான் நிமிர்த்தவே இல்லை. வண்டியில் ஏறும்போதெல்லாம் முதலில் என் கண் அதன்மேல் படுகிறது. அடுத்து என் கால் பிரேக்கை அழுத்திப் பார்க்கிறது.