எங்கள் வரப்பு தின்ற வண்டிப்பாதை

"வண்டிப்பாதையை உழுது சேர்த்துக்கிட்டாங்க சார், அறுவடை மெஷின் போக வழியில்லை." உர அளவு கேட்க வருகிறவர்கள்கூடப் போகும்போது இதைச் சொல்வார்கள். பாதை வேளாண்மைத் துறை வேலை அல்ல. ஆனாலும், "புலப்படம் எடுத்துப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன்.

மூன்று வருஷத்துக்கு முன் தை அறுவடையில், எங்கள் வயலுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியப்பா முறைக்காரர் வந்தார். "தம்பி, உங்க வரப்போரம் மெஷின் நுழைய மாட்டேங்குது" என்றார். ஆளும் கிடைக்கவில்லை. மழையில் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்தது.

அன்று எங்கள் படத்தை எடுத்தேன். பாதைக்குத் தனிப் புல எண். 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு. படத்தில் நாலு மீட்டர். டேப் பிடித்தால் இரண்டுகூட இல்லை. அப்பா அண்டை வெட்டும்போதெல்லாம் ஒரு மண்வெட்டி அகலம் வரப்பைத் தள்ளியிருக்கிறார். மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

இப்படிப் புறம்போக்காக இருந்தால் வட்டாட்சியரிடம் அளந்து தரச்சொல்லி மனுக் கொடுங்கள்; 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. பாதை பட்டா நிலத்துக்குள் போனால் கதை வேறு. 20 வருஷம் தடையில்லாமல், உரிமையாகப் போய்வந்திருந்தால் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். தயவில், அனுமதி கேட்டுப் போய்வந்தது கணக்கில் வராது. அடைத்தபின் சும்மா இருந்தாலும் உரிமை நழுவும். ஒரு வருஷத்துக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். கிரையமோ பாகப்பிரிவினையோ எழுதும்போது, நான்கெல்லையோடு வண்டிப்பாதைப் பாத்தியத்தையும் எழுதச் சொல்லுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டதுதான் பிள்ளைகள் காலத்தில் வழக்காகிறது.

நான் பணம் கட்டி அளந்து கல் நட்டேன். அப்பா வைத்த இரண்டு தென்னை பாதைக்குள் நின்றன. வெட்டிய அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. பெரியப்பாவோ, "காய்க்கிற மரத்தை ஏன்டா வெட்டினே?" என்று திட்டினார். போன தையில் மெஷின் அவர் வயலுக்குப் போனது. ஒரு தென்னையின் அடிக்கட்டை இன்னும் பாதையில் துருத்திக்கொண்டிருக்கிறது. கோடையில் பொக்லைன் வரும்போது பெயர்க்க வேண்டும்.