பழைய ரவுட்டருக்குப் புதிய வேலை

எமது வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தபோது, தொலைபேசிக் கம்பியில் இயங்கிய பழைய ரவுட்டருக்கு வேலை இல்லாமல் போனது. புதிய ரவுட்டரை ஹோலில் பொருத்தினார்கள்.

புதியது வேகமானதுதான். ஆனால் அந்த வேகம் ஹோலைத் தாண்டவில்லை. எங்கள் வீடு நீளமானது. நாங்கள் படிக்கும் அறையும் உம்மம்மாவின் அறையும் சமையலறைக்கு அப்பால் இருக்கின்றன. இடையில் மூன்று தடித்த சுவர்கள். ஒவ்வொரு சுவரைக் கடக்கும்போதும் வைஃபை அலை வலுவிழக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைவிடக் கூடுதலாகத் தேய்ந்துவிடும்.

உயர்தரம் படிக்கும் ராத்தா, சூம் வகுப்புக்காக ஹோலில் வந்து உட்கார வேண்டியிருந்தது. வாப்பாவைத் தேடி யாராவது வந்தால் கணனியையும் கொப்பிகளையும் அள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்குள் கணக்கின் பாதி கடந்துவிடும். கட்டார் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அதனால் வேலை முடிந்து மாமா அழைக்கும்போது இங்கே இரவாகிவிடும். முழங்கால் வலியோடு உம்மம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து ஹோலுக்கு நடந்து வருவார்.

பழைய ரவுட்டரைப் பின்னறையில் வைத்து, புதியதோடு கேபிளால் இணைக்கலாம் என்றேன்.

"புதுசு ஒண்டு வாங்கினா சரிதானே மகள்" என்றார் வாப்பா.

"இருக்கிறதே போதும் வாப்பா" என்றேன்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுதான். வீட்டிலுள்ள ஒவ்வொரு கணனிக்கும் கைப்பேசிக்கும் ரவுட்டர் ஒரு முகவரியை வழங்குகிறது. டி.எச்.சி.பி. என்பது அந்த வேலைக்குப் பெயர். ஒரே வலையமைப்பில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனியே முகவரி வழங்கினால் குழப்பம் வரும். ஆகவே பழையது அந்தப் பொறுப்பை விட்டுவிட வேண்டும்.

முதலில் ஸ்காப் குத்தும் ஊசியால் பழைய ரவுட்டரின் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடிகள் அழுத்திப் பழைய அமைப்புகளை அழித்தேன். பிறகு அதைக் கணனியோடு மட்டும் இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு ரவுட்டர்களின் முகவரியும் 192.168.1.1 என்றே இருந்ததால், பழையதை 192.168.1.2 என மாற்றினேன். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் புதியதில் உள்ளபடியே கொடுத்தேன். இரண்டின் அலைகளும் மோதாதிருக்க, புதியது 1ஆம் சனலில் இருக்க, பழையதை 11இல் வைத்தேன். கடைசியாக டி.எச்.சி.பி.யை நிறுத்தினேன்.

கேபிளைக் கூரையோரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோனது வாப்பா. அதன் இரு முனைகளையும் இரண்டு ரவுட்டர்களிலும் லேன் என்று குறிப்பிட்ட துவாரங்களில் செருகினோம். தொலைபேசிக் கம்பிக்கான பழைய துவாரம் வெறுமையாகவே இருக்கிறது. அது இனித் தேவையில்லை.

எங்கள் பழைய ரவுட்டரால் 100 மெகாபிட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. ஆனால் ஒரு சூம் வகுப்புக்குச் சில மெகாபிட்டுகளே போதும். ராத்தா இப்போது கதவைச் சாத்திக்கொண்டு பாடத்தை முழுமையாகக் கேட்கிறார். இஷாத் தொழுகைக்குப் பிறகு உம்மம்மா கட்டிலில் இருந்தபடியே மாமாவோடு கதைக்கிறார்.

பழையது ஏன் முகவரி கொடுப்பதில்லை என்று ஒருநாள் உம்மம்மாவிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சாவிக்கொத்த உங்கட உம்மாட கையில குடுத்துட்டன். அதுக்காக எண்ட வேல முடிஞ்சி போச்சா புள்ள?"

உண்மைதான். கறித்தூளுக்கு மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று உம்மா இன்றும் அவரிடந்தான் கேட்கிறார்.