பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தாள்



"டீச்சர், ஹிப்னாட்டிசம் செஞ்சி புள்ள பெறப் போறீங்களாமே?" இந்த இரண்டு கிழமைக்குள் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருத்தர் இது சூனியத்தில் சேருமா என்றும் கேட்டார். ஒவ்வொருவருக்கும் வொயிஸ் நோட் போட நேரமில்லை, ஆகவே இங்கேயே எழுதுகிறேன். சகோதரிகளுக்காகத்தான் எழுதுகிறேன், நானாமார் வாசித்தாலும் நல்லதுதான்.

இதில் யாரும் யாரையும் மயக்குவதில்லை. கண்ணை மூடி, மூச்சை நீட்டி விட்டு, உடம்பை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்தப் பழகுவதுதான் விஷயம். முழு நினைவோடுதான் இருப்போம். 1930களிலேயே கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டொக்டர் சொல்லிவிட்டார்: பயந்தால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும். அதை வைத்து 1989இல் அமெரிக்காவில் மேரி மோங்கன் என்ற பெண் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். பரீட்சை மண்டபத்தில் பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் வராது என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்தானே.

வலியே இல்லாத பிரசவம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2016இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 9 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 3,000 பெண்களை எடுத்துப் பார்த்தது. வலி மருந்தின் தேவை மொத்தத்தில் கொஞ்சம் குறையலாம், ஆனால் முதுகில் போடும் எபிடியூரல் ஊசி குறையவில்லை. 2015இல் இங்கிலாந்தில் 680 பெண்களிடம் நடந்த ஆய்விலும் எபிடியூரலில் வித்தியாசம் இல்லை. ஆனால், நினைத்ததைவிடப் பயம் குறைவாக இருந்தது என்று அந்தப் பெண்கள் பிறகு சொன்னார்கள். எனக்கு அது போதும்.

ஏனென்றால் என் மூத்த பிள்ளை பிறந்த அன்று வலியைவிட வேறு ஒன்றுதான் என்னை உடைத்தது. மல்லாக்கப் படுத்தவள் மணிக்கணக்காக அப்படியே. திரும்பிப் படுக்கலாமா என்று கேட்டதற்கு ஏச்சு. வெட்டியதும் தைத்ததும் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, அந்த இரவு அங்கே இருந்தவர்களும் களைத்துத்தான் போயிருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருஷம், அடுத்த பிள்ளை என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கை குளிர்ந்துவிடும்.

லண்டனில் இருக்கும் சாச்சியின் மகள்தான் ஒலிப்பதிவுகளையும், பேர்த் பிளான் எழுதும் படிவத்தையும் அனுப்பினாள். நாலு பக்கம். தண்ணீர்த் தொட்டி வேண்டுமா, விளக்கை மங்கலாக்க வேண்டுமா, எந்த வாசனை எண்ணெய்? எங்கள் லேபர் ரூமில் திரைச்சீலை இருந்தாலே அல்ஹம்துலில்லாஹ். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "நாங்கெல்லாம் பேப்பர் எழுதியா புள்ள பெத்த?" என்றா.

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் சிரிக்கவில்லை. "நைட்ல ஒரு ஆள் எத்தனையோ பேரப் பார்க்கணும். பத்து வரிக்குள்ள எழுதுங்க மிஸ். 'கோரிக்கை'ன்டு போடாதீங்க, 'விருப்பம்'ன்டு போடுங்க" என்றா. இன்னொன்றும் சொன்னா: தமிழில் மட்டும் எழுதினால் இரவில் வரும் டொக்டருக்கு யார் வாசித்துக் காட்டுவது? ஆகவே ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் இன்டர்வெல்லில் உட்கார்ந்து எழுதித் தந்தா.

பத்து வரியில் என்ன இருக்கிறது? எழும்பி நடக்கவும் பக்கவாட்டில் படுக்கவும் விடுங்கள். தண்ணீர் குடிக்கலாமென்றால் தாருங்கள். தேவையில்லாமல் வெட்ட வேண்டாம், தேவையென்றால் சொல்லிவிட்டு வெட்டுங்கள். கொப்பூழ்க்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து இறுக்குங்கள், பிள்ளையை என் நெஞ்சில் போடுங்கள். இதெல்லாம் நான் கண்டுபிடித்த ஆசைகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் உள்ளவை. இயன்றவரை பெண் டொக்டர், உடம்பு மூடியிருக்க ஒரு துணி. அவசரமென்றால் யார் இருக்கிறார்களோ அவர்கள் பார்க்கட்டும், அதையும் எழுதியிருக்கிறேன்.

அதிக நேரம் எடுத்தது ஒரு சொல்லுக்கு. இந்த முறையில் 'வலி' என்ற சொல்லையே தவிர்ப்பார்கள். எங்கள் பாஷையில் பிள்ளைப்பேறே நோவுதான், "நோவு கண்டுட்டா?" என்றுதான் கேட்போம். கடைசியில் நானும் ராத்தாவும் 'அலை' என்று முடிவெடுத்தோம். கடற்கரை ஊர்க்காரிக்கு அலை விளங்காதா? பொது அறை என்பதால் கணவரை உள்ளே விடமாட்டார்கள், ராத்தாதான் துணை. அவ தோளில் கை வைத்ததும் நான் நாலு எண்ணி மூச்செடுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். விடும்போது மனதுக்குள் ஸுப்ஹானல்லாஹ். இரவில் இஷாவுக்குப் பிறகு இருபது நிமிடம் பழகுகிறோம். முதல் கிழமை ராத்தாதான் தூங்கிப்போனா.

தீனுக்கு இது ஒத்துவருமா என்று கேட்டவர்களுக்கு: சூரா மர்யமை எடுத்துப் பாருங்கள். பேரீச்ச மரத்தடியில், நோவில், இதற்கு முன்பே இறந்திருக்கக்கூடாதா என்று மர்யம் அலைஹஸ்ஸலாம் சொன்னதற்கு ஏச்சு வரவில்லை. ஆறுதல் வந்தது, தண்ணீர் வந்தது, பழம் வந்தது. எந்த லேபர் ரூமுக்கும் இதைவிட நல்ல பிளான் எனக்குத் தெரியாது.

தஹ்னீக் பற்றி மாமியோடு கொஞ்சம் இழுபறி. தேன் தொடவே கூடாது, ஒரு வயது ஆகும்வரை தேன் பிள்ளைக்கு ஆபத்து. பேரீச்சம்பழம் பற்றி டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் என்று அவவும் ஒப்புக்கொண்டுவிட்டா. பாங்கு சொல்ல மட்டும், பிள்ளையை வெளியே கொண்டுவந்ததும் வாப்பாவின் கையில் கொடுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கிறேன்.

கடைசி வரி சீஸர் பற்றியது. பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ வேறு சிக்கல் வந்தாலோ முடிவெடுப்பது டொக்டர், நான் கையெழுத்து வைப்பேன். ஆனால் செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வசனம் எனக்குச் சொல்லுங்கள். முழுத்தாளிலும் அந்த வரிக்குக் கீழ்தான் கோடு போட்டிருக்கிறேன்.

இப்போது 36 கிழமை. தாள் கிளினிக் அட்டைக்குள் இருக்கிறது, படம் கணவரின் போனில். வரும் செவ்வாய் கிளினிக்கில் டொக்டரிடம் காட்டப்போகிறேன், என்ன சொல்வாரோ தெரியாது. துஆ செய்யுங்கள். யாருக்காவது மாதிரி வேண்டுமென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், இரண்டு பாஷையிலும் அனுப்புகிறேன்.