ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்னால்

ஸ்பீக்கர் மாற்ற வேண்டும் என்று வருகிறவரிடம் ‘எந்த கம்பெனி வேண்டும்’ என்று நான் கேட்பதில்லை. இப்போது என்ன ஆம்ப்ளிஃபயர், அறை எத்தனை அடி, பாக்ஸ் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, வீட்டில் என்ன பாட்டு ஓடும் என்றுதான் கேட்பேன். சென்னை ரிச்சி தெருவில் எனக்குத் தொழில் கற்றுத்தந்த வாத்தியார் வைத்த வழக்கம் இது. பெஞ்சுக்கு வரும் ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு வைத்தியம்தான் தேவை, மாற்று தேவையில்லை என்பார். இந்த வேலைக்கு வரும் தம்பிகள் முதலில் இதைத்தான் பழக வேண்டும்.

‘பேஸ் போயிடுச்சு சார், பெரிசா ஒண்ணு பார்க்கணும்’ என்பார்கள். கிரில்லைக் கழற்றினால் வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதும் உதிரும். சென்னையின் புழுக்கத்திலும் கடற்காற்றிலும் ஃபோம் பத்துப் பதினைந்து வருடம் தாங்கினாலே பெரிது. ரப்பர் வளையம் அதைவிட நெடுநாள் உழைக்கும். கோனும் காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

போதும் என்று சொல்லிவிடலாம், கைக்கு வர நாளாகும். பழைய பசையைப் பேப்பர் கோன் கிழியாமல் சுரண்டி எடுக்க வேண்டும். நடுவிலுள்ள மூடியை பிளேடால் வட்டமாக அறுத்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டுகளைச் சமமாகச் செருகிக் காயிலை மையத்தில் நிறுத்த வேண்டும். அதன்பிறகுதான் புது வளையத்துக்குப் பசை. அன்றைக்கே பாட்டுக் கேட்க ஆசை வரும். வாத்தியார் விடமாட்டார். ‘ராத்திரி முழுக்கக் காயட்டும், காலையில வா’ என்பார். மறுநாள் ஃபிலிமை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் கோனைச் சமமாக அமுக்கிப் பார்ப்பார். காயில் மயிரிழை உரசினாலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு 30 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்துக் காதைப் பக்கத்தில் வைப்போம். கரகரப்பு ஏதும் இல்லையென்றால்தான் மூடியை ஒட்டுவது. விரல் சொன்னதை டோன் மறுத்து நான் பார்த்ததில்லை.

ட்வீட்டர் மங்கியிருந்தால் கிராஸ்ஓவரைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள பைபோலார் கண்டென்சர்கள் காலப்போக்கில் வறண்டுபோகும். அதே மதிப்பில் ஃபிலிம் கண்டென்சர் போடலாம். சில பாக்ஸில் அப்படிப் போட்டதும் ட்வீட்டர் கொஞ்சம் துள்ளும். அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதோடு சீரீஸில் கொடுத்தால் அடங்கிவிடும்.

இத்தனையும் பார்த்து, ஸ்பீக்கரின் எல்லையே இவ்வளவுதான் என்று தெரிந்தால் மாற்றலாம். அப்போது ஆம்ப்ளிஃபயர் பேச்சு வருகிறது. ஒரு குடும்பத்தில் 30 வாட்ஸ் ஆம்ப்பில் 92 டெசிபெல் சென்சிடிவிட்டி உள்ள பெரிய பாக்ஸ்கள் இருந்தன. இடம் அடைக்கிறது என்று 84 டெசிபெல் சின்ன பாக்ஸ் வாங்கினார்கள். பார்க்க அழகு, குரலும் தெளிவு. ஆனால் ஒவ்வொரு 3 டெசிபெல் குறைவுக்கும் இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும். 8 டெசிபெல் குறைந்தால் ஆறு மடங்குக்கு மேல். பழைய பாக்ஸில் 30 வாட்ஸ் தந்த சத்தத்துக்கு இதில் கிட்டத்தட்ட 190 வாட்ஸ் கேட்கும். வீட்டில் விசேஷம் என்று குமிழை முழுக்கத் திருப்பியிருக்கிறார்கள். ஆம்ப் கிளிப் ஆகி, இரண்டு ட்வீட்டர் காயிலும் கருகி என்னிடம் வந்தன. சின்ன ஆம்ப்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். திணறும் சின்ன ஆம்ப்தான் ட்வீட்டருக்கு எமன். வலுவான ஆம்ப்பை அளவோடு வைத்துக் கேட்டால் சின்ன ஸ்பீக்கருக்கும் ஒன்றும் ஆகாது.

அடுத்தது ஓம்ஸ். 8 ஓம் ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் வைத்தால் ஆறைச் சுற்றித்தான் காட்டும். கோளாறு என்று பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது காயில் கம்பியின் ரெசிஸ்டன்ஸை மட்டும். பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஏறி இறங்கும். எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் ஆம்ப்பின் வேதனை. 8 ஓமுக்கென்று கட்டிய எஸ்டிகே ஐசி ஆம்ப்பில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், மெதுவாக வைத்தவரை பாடும், சத்தம் கூட்டினால் ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியாது. ஏ, பி என்று இரண்டு ஜோடி 8 ஓம் பாக்ஸைச் சேர்த்து ஓட்டினாலும், பெரும்பாலான ஆம்ப்களில் அதே 4 ஓம்தான்.

ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்த செட்டுகளை நாமெல்லாம் பார்த்தவர்கள்தான். ஆம்ப்பைத் தூக்கிப் பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மர் கனம் சொல்லிவிடும். 1978-இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப்பில் 20 வாட்ஸ் என்றுதான் போட்டிருந்தது. கடினமான ஸ்பீக்கரையும் அது சமாளித்த விதத்தைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சரிசெய்து வைத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் எல்எஸ்3/5ஏ இருக்கிறது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்துக்காக 1970களில் பிபிசி வடிவமைத்த சின்ன பாக்ஸ். சென்சிடிவிட்டி 83 டெசிபெல்லை ஒட்டித்தான், ஆனால் முதல் ரகம் 15 ஓம், ஆம்ப்புக்குச் சுமை குறைவு. சின்ன அறையில் பக்கத்தில் உட்கார்ந்து குரல் கேட்க அருமை. கல்யாணக் கூடம்போல் பெரிய ஹாலில் அதை வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை.

அறையை மறந்தால் செலவு வீண். 12 அடி நீளமுள்ள அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவில் பேஸ் தானாகவே பொங்கும். மொசைக் தரை, வெற்றுச் சுவர், மூலையில் பாக்ஸ் என்றால் மிருதங்கத்தின் தொப்பி ஒரே முழக்கமாகிவிடும், விரலின் அடி கேட்காது. ஒரு அடி முன்னால் இழுத்து வையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். இரண்டு பாக்ஸிலும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலே பேஸ் காணாமல் போகும். சந்தேகம் இருந்தால் வூஃபர் கம்பியில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் போதும். பிளஸ்ஸில் பிளஸ் பட்டதும் கோன் வெளியே வர வேண்டும்.

வாங்கப் போகும்போது உங்கள் ஆம்ப்பையே தூக்கிக்கொண்டு போங்கள். கனமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மனப்பாடமான ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பூரா சுருதி பின்னால் நிற்கிறதா, குரல் நடுவில் நிற்கிறதா, தொப்பியில் சுருதி தெரிகிறதா என்று கேளுங்கள். இரண்டு ஜோடியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் நல்லதென்று காது சொல்லும், அதை நம்பாதீர்கள்.

புது ஜோடி வீட்டுக்கு வந்ததும் பழையதை விற்றுவிடாதீர்கள். சில வாரம் புதியதையே கேட்டுவிட்டு, ஒருநாள் பழையதைத் திரும்ப மாட்டுங்கள். புதியதைக் கழற்ற மனம் வரவில்லையா, வாங்கியது சரி. பழையதே போதும் என்று தோன்றினால், புதியதைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டா என்பதை பில் போடும்போதே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.